மிஷன் அலுவலகத்தில் பொறுமை: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை):
நானும் வீட்டுக்காரரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதி ஊழியர்கள்; சம்பள வேலையில்லை, மிஷன் என்கிற மதப் பணிக்கு வந்தவர்கள். சொந்தச் செலவில் வந்தது, நாலு பேரைப் பார்த்துப் பேசலாம் என்றுதான். கிடைத்ததோ மேசை வேலை: வாடகை ஒப்பந்தம், விசா தாள், பார்சல். 6 வாரத்துக்கு ஒருமுறை இளம் ஊழியர்களுக்கு இடமாற்றம் வரும்போது போன் ஓயாது. சாவியைத் தொலைத்த 19 வயதுப் பையன், “சிஸ்டர், ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பித்தாலே கோபம் வருகிறது. வகுப்பில் ஒரு அதட்டல் போதும். இங்கே?

பதில் 1:
அக்கா, பல பையன்கள் வீட்டை விட்டு வந்ததே இப்போதுதான்; 24 மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். நான் முதலில் “சாப்பிட்டியா?” என்று கேட்பேன். பாதிப் பேருக்குச் சாவி பிரச்சினையே இல்லை, பேச ஆள் வேண்டும். அப்புறம், இடமாற்றத்துக்கு முந்தைய வாரமே சாவிக் கணக்கை முடித்துவிடுங்கள்.

பதில் 2:
சாப்பாடு விசாரிப்பதெல்லாம் சரி. விசா தேதியில் மட்டும் கறாராக இருங்கள். தவறினால் அவஸ்தை அவர்களுக்குத்தான்.

கேட்டவர்:
நன்றி. மாற்றுச் சாவிகள் செய்யக் கொடுத்துவிட்டேன். எதிர் மேசையில் நாள் முழுக்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறாரே, அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.