உப்புவெளி கெஸ்ட் ஹவுஸில் லைசன்ஸ் இல்லாமல் பியர்: எது குற்றம், எது இல்லை?

அலைகரை கேட்டது:

இலங்கையில், திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஐந்து ரூம் உள்ள கெஸ்ட் ஹவுஸ். மதுபான லைசன்ஸ் இல்லை. சீசனுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் பின்னேரமானால் குளிர் பியர் கேட்கிறார்கள். டவுனில் வைன் ஸ்டோரில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து, வாங்கின விலைக்கே பில்லில் போட்டால் பிழையா? ஒரு சதமும் இலாபம் இல்லை. 'வெல்கம் ட்ரிங்க்' என்று சும்மா கொடுத்தால்? போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) முதல் நாள் வாங்கி வைத்தால்? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கோ.

வழக்கேடு பதில்:

பிழைதான். இலாபம் இருக்கிறதா இல்லையா என்று சட்டம் பார்ப்பதே இல்லை. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தில், நன்கொடையாக அல்லாமல் கைமாறும் எதுவும் 'விற்பனை'க்குள் வரும். வாங்கின விலைக்குக் கொடுத்தாலும், மீனுக்குப் பதிலாகக் கொடுத்தாலும் விற்பனைதான். லைசன்ஸ் இல்லாமல் விற்றால் குற்றம்.

பில்லில் 'பியர்' என்று போடாமல் 'சேவிஸ்' என்றோ 'சோடா' என்றோ எழுதுகிற பழக்கம் இந்தக் கரையில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மதுவரி அதிகாரிகள் விருந்தினர் மாதிரி ஆளை அனுப்பி, இலக்கம் குறித்துவைத்த நோட்டால் வாங்குவிப்பதுண்டு. அந்த நோட்டு உங்கள் லாச்சிக்குள்ளே இருந்து எடுபட்டால், பில்லில் சோடா என்று இருப்பது உங்களைக் காப்பாற்றாது. தெரிந்துகொண்டே மறைத்தீர்கள் என்றுதான் காட்டும்.

வெல்கம் ட்ரிங்க்: ரூம் வாடகையோடு தொடர்பே இல்லாமல், எல்லாருக்கும் உண்மையாகவே சும்மா கொடுத்தால் அது நன்கொடை. 'ஹனிமூன் பக்கேஜ், ஒரு போத்தல் வைன் உட்பட' என்று விலை போட்டால் வைனின் காசு அந்த விலைக்குள்ளே இருக்கிறது, அது நன்கொடை ஆகாது. பியர் சும்மா, 'பைட்ஸ்' (குடியோடு கொறிக்கிற சாப்பாடு) பிளேட் மட்டும் இரண்டு மடங்கு விலை என்பதும் அதே கதைதான்.

நிலாவெளி_05 பதில்:

மேலே சொன்னது சரி. ஃபிரிட்ஜைப் பற்றி நான் சொல்கிறேன், ஆட்கள் பிடிபடுவது அங்கேதான். லைசன்ஸ் இல்லாத இடத்தில் ஒரே வகை பியர் இரண்டு மூன்று தட்டில் அடுக்கி இருந்து, யாருடையது என்று கேட்கும்போது ஒழுங்கான விளக்கம் இல்லை என்றால், அது விற்பனைக்கு வைத்தது என்ற ஊகத்தை உடைக்கிற பாரம் உங்கள் தலையில் விழும். போயாவுக்கு முதல் நாள் வாங்கி நிரப்புவது இன்னும் மோசம். போயாவுக்கு லைசன்ஸ் உள்ள கடைகளே பூட்டு, அன்றைக்குத்தான் சோதனையும் கூட.

விருந்தினர் தானே வாங்கி வந்து தன் ரூமில் குடித்தால் நீங்கள் விற்கவில்லை. பொது ஃபிரிட்ஜில் வைக்கக் கேட்டால் பையில் போட்டு ரூம் இலக்கத்தை ஒட்டி, கடை ரசீதையும் அதே பைக்குள் வையுங்கள். குளிரூட்டினதற்கு, கிளாஸ் கொடுத்ததற்கு என்று காசு வாங்க வேண்டாம்.

பெடியனை அனுப்பி வாங்குவிப்பதென்றால், முதலில் விருந்தினரின் காசு, பிறகு ரசீதும் மிச்சமும் அவர் கையில். உங்கள் காசில் வாங்கிவிட்டுப் பிறகு அறவிட்டால் அது கைமாற்றம். அனுப்புகிற பெடியனுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. 18 என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே வயதுதான், அவர்கள் நாட்டில் 16, 18 என்றாலும் இங்கே செல்லாது.

அலைகரை:

நன்றி அண்ணை. விருந்தினர் போகும்போது மிச்சமான டியூட்டி ஃப்ரீ விஸ்கியைத் தந்துவிட்டுப் போகிறார்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் 'சில்ட் பியர்' என்று ஒரு படம் போட்டிருக்கிறோம், அதுவும் பிழையா?

வழக்கேடு பதில்:

படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தம்பி. மதுபான விளம்பரம் அந்த 2006 சட்டத்தில் தனிக் குற்றம். லைசன்ஸ் இல்லாத இடத்துக்கு அது உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சியும்கூட.

விஸ்கியை நீங்கள் குடிக்கலாம். அடுத்த ரூமுக்கு விற்றால் விற்பனைக் குற்றத்தோடு வரி கட்டாத சரக்கு என்ற பிரச்சினையும் சேரும். இங்கே கடையில் வாங்குகிற சாராயப் போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஸ்டிக்கர் இருக்கும், டியூட்டி ஃப்ரீ போத்தலில் இருக்காது. பார்த்த உடனேயே தெரிந்துவிடும். ஸ்டிக்கர் கிழிந்தோ கசங்கியோ இருக்கிற மலிவுச் சரக்கை யாரும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் வாங்கவே வேண்டாம், அதில் மெதனோல் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும்.

நிலாவெளி_05 பதில்:

சோதனைக்கு வந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். போத்தல்களை உங்கள் முன்னாலேயே எண்ணி, சீல் வைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். பரிமாறின வேலையாள் மட்டும் மாட்டுவான் என்று நினைக்க வேண்டாம், முதலாளியும் நீதவானுக்கு முன்னால் நிற்க வேண்டி வரும்.

முறையாக விற்க விருப்பம் என்றால் முதலில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு. அது இல்லாமல் மதுவரித் திணைக்களத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்பி வருவீர்கள். பாடசாலை, கோயில், பள்ளிவாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இடம் பார்ப்பார்கள், விண்ணப்பத்தோடு வரைபடமும் தயாராக இருக்கட்டும். லைசன்ஸ் டிசம்பர் 31 வரைக்கும்தான். ஜனவரி முதலாந் திகதி பழைய லைசன்ஸை நம்பி விற்றால், லைசன்ஸ் இல்லாமல் விற்றதாகவே எடுப்பார்கள்.