புதுப்பிப்பு: பழைய லென்ஸின் மங்கல் போயே போச்சு, கிட்டத்தட்ட

பழைய 50 மி.மீ. கேமரா லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் பால் படிந்தது போலத் தெரிகிறது, பூஞ்சையா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பூஞ்சை இல்லை; நூல் நூலாகக் கிளை எதுவும் காணோம். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால், அபர்ச்சர் இதழ்களை (ஒளி நுழையும் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் தகடுகள்) ஒட்டிய கண்ணாடியில்தான் மொத்தப் படலமும். ஃபோகஸ் வளையத்துக் கிரீஸிலிருந்து கசிந்த எண்ணெய் ஆவியாகி வந்து படிந்திருக்க வேண்டும்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை லென்ஸ் தாளில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுழற்றித் துடைத்தேன். முதல் தடவை எண்ணெய் இடம் மாறியதே தவிரப் போகவில்லை! ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் தாள் எடுத்த பிறகுதான் தெளிந்தது. விளிம்போரம் கடுகளவு வெண்மை மிச்சம். அங்கே கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சான கோட்டிங்கே அரித்துப்போயிருக்கிறது, துடைத்துப் பயனில்லை, விட்டுவிட்டேன்.

எதிர்வெளிச்சத்தில் எடுத்த படத்திலும் கறுப்பு இப்போது கறுப்பாகவே வருகிறது. அப்புறம், ஒரு திருகின் தலையை மழுக்கிவிட்டேன். அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவர், என் அவசரம்.