புதுப்பிப்பு: நிஷாகந்தி பூத்துவிட்டது

தொட்டியில் வளர்க்கும் நிஷாகந்தி (இரவில் பூக்கும் ஒரு கள்ளி) மூன்று ஆண்டுகளாக ஏன் மொட்டு விடவில்லை என்று சென்ற ஆடியில் கேட்டிருந்தேன். பிழை என்னுடையதே. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் இக்கள்ளியை, கும்பகோணத்து வயலின் நீர் வடியாத வண்டலில் நட்டு, நாள்தோறும் தண்ணீரும் ஊற்றியதில் வேர் பாதி அழுகியிருந்தது. தேங்காய் மட்டைத் துண்டு, செங்கல் சல்லி, மண்புழு உரம் கலந்த சிறிய தொட்டிக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் திண்ணையில் வைத்தேன். ஐப்பசி மழையில் நனையவிடவில்லை. இந்த ஆனியில், இலை போலத் தோன்றும் தட்டைத் தண்டின் விளிம்புப் பள்ளங்களில் இரண்டு மொட்டுகள் வந்தன. நேற்று இரவு பத்து மணியளவில் அவை விரிந்து, தெருவெல்லாம் மணத்து, விடிவதற்குள் துவண்டன. அண்டை வீட்டார் ‘பிரம்ம கமலம்’ என்று கும்பிட்டார்கள். அப்பெயருக்குரியது இமயமலையில் வளரும் வேறொரு செடி என்று அந்நேரத்தில் சொல்ல மனம் வரவில்லை.