ஒரு மல்டிமீடியா, 38 பிள்ளைகள்: மின்சுற்றுப் பாடத்துக்கு என்ன ஆயத்தம்?

கேள்வி: நிலாவெளி ரீச்சர்
தரம் 10. ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர் (3300 லுமென்), ஒரு லப்டொப். அரைச்சுவர் வகுப்பு, பத்து மணிக்குப் பிறகு படம் வெளிறிப் போகுது. சிக்னலை நம்பேலாது. ஃபெட் (PhET) என்ற அறிவியல் சிமுலேஷன் செயலியில் மின்சுற்றுக் காட்டப் போறன். எதையெல்லாம் முன்கூட்டியே செய்து வைக்க வேணும்?

உப்புவெளி வயர்மேன்
படத்தைச் சின்னனாக்குங்க. 2.4 மீற்றர் அகலத்தை 1.2 ஆக்கினால் அதே ஒளி கால்வாசிப் பரப்பில் விழும். 4 மடங்கு பளிச்சென்று தெரியும். யன்னலுக்கு நேரெதிர்ச் சுவர் வேண்டாம். பின்வரிசை 6 மீற்றருக்குள் இருக்கட்டும், எழுத்து 3 சென்ரிமீற்றர் உயரம் வேணும். அதற்குக் குறைந்தால் புள்ளியும் கொம்பும் கரைந்து போகும்.

650 விஏ யூபிஎஸ்ஸில் பாடம் நடத்தலாம் என்று நினைக்காதீங்க. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்மணி பற்றரி, சில நிமிஷம்தான் தாங்கும். அதன் வேலை வேறு: கரண்ட் போனதும் மல்டிமீடியாவின் விசிறி ஓடி லாம்ப் ஆறுவதற்கு அவகாசம் கொடுப்பது. சூட்டோடு நின்றால் லாம்பின் ஆயுள் குறையும்.

வாடைக்காலத்தில் உப்பீரம் வயர் முனைகளில் பச்சை பிடிக்கும். பாவிக்காத நேரம் மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க. கச்சான் காற்று வீசும் காலத்தில் புழுதிக்கு ஃபில்டரைப் பாருங்க.

கணினி அறை
ஃபெட்டின் மின்சுற்றுச் சிமுலேஷன் ஒரு எச்டிஎம்எல் கோப்பு. இறக்கி லப்டொப்பில் வைத்து, வைஃபையை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்க. பாடத்தன்று காலை பார்ப்பது காணாது, முதல் நாளே பாருங்க.
கேள்வித்தாள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததா? அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுக்க ஆங்கில எழுத்துக் கூழாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றுங்க, இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்குங்க.

பழைய ஆய்வுகூடம்
படத்தில் மட்டும் முடித்தால் பிள்ளைகள் பிழையான ஒன்றைப் படிப்பார்கள். செயலியின் மின்கலத்துக்கு ஆரம்பத்தில் அகத்தடை (மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் தடை) இல்லை. இரண்டாவது பல்ப்பைச் சமாந்தரமாகக் கொழுவினாலும் முதல் பல்ப் அப்படியே எரியும். ரோச் பற்றரியில் அப்படி இல்லை: சுமை ஏற வோல்ட் இறங்கும், பல்ப் சற்று மங்கும்.

ஆகவே 8 குழு (ஆறில் 5 பேர், இரண்டில் 4 பேர்). குழுவுக்கு 2 பற்றரி, 2.5 வோல்ட் பல்ப் மூன்று, பிடிகளோடு. மல்ற்றிமீற்றர் ஒன்றை மாறி மாறிப் பாவிக்கலாம். இரண்டாவது பல்ப்பைக் கொழுவினால் முதல் பல்ப்புக்கு என்ன ஆகும் என்ற ஊகத்தை முதலில் கொப்பியில் எழுதட்டும். பிறகு செயலி, அதன் பிறகு கையில் சுற்று. இரண்டு விடையும் ஏன் ஒத்துப் போகவில்லை என்று கேட்டால்தான் பாடம் தொடங்கும்.

நிலாவெளி ரீச்சர்
அந்த வித்தியாசத்தைச் செயலியிலேயே காட்டேலாதா?

பழைய ஆய்வுகூடம்
காட்டலாம். மேலதிக அமைப்புகளில் மின்கலத் தடையைக் கூட்டும் நழுவி (ஸ்லைடர்) இருக்குது. 1 ஓம் வைத்துப் பாருங்க. ஆனால் கையில் பல்ப் மங்கியதைப் பார்த்த பிறகு திறவுங்க.