ஏடன் ஷேக்குகள்: நேரடியாக ஆண்டிருக்க வேண்டுமா, சும்மா விட்டிருக்க வேண்டுமா?

செங்கடல்:
1839 ஜனவரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப்டன் ஹெயின்ஸ், இன்றைய ஏமனின் தென்கரைத் துறைமுகமான ஏடனைப் பிடித்தார். 1967 நவம்பர் 30-ல் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியது. இடையில் அவர்களுக்குள்ளேயே தீராமல் இழுத்த வழக்கு இதுதான்: ஏடனுக்குப் பின்னால் உள்ள நாட்டையும் நேரடியாக ஆளுவதா, ஷேக்குகளிடம் விடுவதா? துறைமுகத்தை நேரடியாக ஆண்டார்கள்: முதலில் பம்பாயிலிருந்து, 1932 முதல் டெல்லியிலிருந்து, 1937 ஏப்ரல் 1 முதல் லண்டன் காலனி அலுவலகத்திலிருந்து. பின்னால் கிடந்த லஹெஜ், ஃபத்லி, அவ்லகி, யாஃபா, ஹத்ரமவுத் எல்லாம் சுல்தான்கள், ஷேக்குகள் பாடு. வேறு வல்லரசோடு பேசக்கூடாது, நிலத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு உதவித்தொகையும் துப்பாக்கியும் கொடுத்து ஒதுங்கினார்கள்.

என் கட்சி இது: அந்த மறைமுக ஆட்சி சுத்தமான கஞ்சத்தனம். ஏடனில் நீதிமன்றம், 1954-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1956-ல் தொழிற்சங்கப் பேரவை. மலைக்குள் போனால் ரத்தப்பழியும் வழிப்பறியும். ஒரு நூற்றாண்டு இப்படி வளர்த்துவிட்டு 1963 ஜனவரியில் இரண்டையும் தெற்கு அரேபியக் கூட்டாட்சி என்ற ஒன்றுக்குள் திணித்தால் எப்படி நிற்கும்? ஆளுவதென்றால் முழுசாக ஆளணும், இல்லையென்றால் போயிருக்கணும்.

தூரதேசி:
தலைகீழாகச் சொல்கிறீர்கள் ஐயா. ஒதுங்கி இருந்த வரைக்கும் ஓடியது. உள்ளே நுழைந்த பிறகுதான் கெட்டது.

1937 ஆகஸ்டில் ஹத்ரமவுத்தில் முகல்லாவின் குஐத்தி சுல்தான் போட்ட ஆலோசனை ஒப்பந்தத்தைப் பாருங்கள். இஸ்லாமிய மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆங்கிலேய ஆலோசகர் சொன்னபடி சுல்தான் நடக்க வேண்டும். 1874-ல் பாங்கோரில் மலாய் சுல்தானிடம் வாங்கினார்களே, அதே நிபந்தனை, கிட்டத்தட்ட அதே வாசகம். நாற்பதுகளில் மேற்குப் பகுதி சுல்தான்கள் சிலரிடமும் இதே மாதிரி வாங்கினார்கள். சுல்தான் பெயரில் அதிகாரி ஆளுகிறார், திட்டு மட்டும் சுல்தானுக்கு. தன் கோத்திரத்தார் முன்னால் அவருக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

கோத்திரத் தலைவன் ஐரோப்பிய மன்னன் மாதிரி இல்லை. பத்துப் பேரைக் கலந்து பேசி, விருந்து வைத்து, சமாதானம் பண்ணி வைத்தால்தான் தலைமை நிற்கும். பின்னால் விமானப்படை இருக்கிறது என்றானதும் அவர் யாரைக் கலந்து பேசுவார்?

செங்கடல்:
சரி, ஹத்ரமவுத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேய ஆலோசகர் இங்கிராம்ஸ் போகும் முன் அங்கே பழிக்குப்பழி பயந்து வருஷக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள் இருந்தார்கள். 1937-ல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைவர்களிடம் மூன்று வருட சமாதானத்துக்குக் கையெழுத்து வாங்கினார். அதற்கப்புறம்தான் வண்டிப்பாதையில் நிம்மதியாகப் போய்வர முடிந்தது. இதைச் செய்தது தலையீடா, ஒதுங்கலா?

தூரதேசி:
செய்தது அல்-காஃப் குடும்பத்துப் பணம் என்று சொன்னால் பாதியாவது சரியாக இருக்கும். சையித் அபூபக்கர் அல்-காஃப் சிங்கப்பூரில் குடும்பம் சேர்த்த சொத்தைக் கரைத்துச் சாலை போட்டார், கோத்திரங்களுக்குப் பணம் கொடுத்துச் சண்டையைத் தீர்த்தார். இங்கிராம்ஸ் நல்ல மனுஷன், அரபி தெரிந்தவர், மறுக்கவில்லை. ஆனால் அவர் வாசலைத் தட்டியபோது உள்ளே ஆள் இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தச் சமாதானத்துக்குச் சற்று முன்னால்தான் பின் யமானி கோத்திரத்து ஊர்கள் மேல் குண்டு போட்டார்கள்.

செங்கடல்:
அந்தக் குண்டு என் பக்கத்துச் சாட்சி தம்பி. 1928-ல் ஏடன் பாதுகாப்பை விமானப்படையிடம் ஒப்படைத்ததே காலாட்படையை விடச் செலவு குறைவு என்பதால்தான். எச்சரிக்கைச் சீட்டு போடு, ஊரைக் காலி பண்ணட்டும், வீட்டை உடை, திரும்பிப் போ. போலீஸ் நிலையம், தாசில்தார், பள்ளிக்கூடம் என்று ஆளுகிறவன் ஒருநாளும் இப்படிச் செய்ய மாட்டான். வரி வாங்குகிற ஊரை யாராவது உடைப்பார்களா?

மணல்மேடு:
இருவரும் ஏடனிலேயே நிற்கிறீர்கள். வளைகுடா பக்கம் பாருங்க. நான் வேலை பார்ப்பது பஹ்ரைனில்.

இங்கே உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று பேச்சு. ஆனால் 1923-ல் பிரிட்டிஷ் அரசியல் முகவர் மேஜர் டேலியும் அவருக்கு மேலிருந்தவர்களும் ஷேக் ஈசா பின் அலியை ஒதுக்கிவிட்டு மகன் ஹமதைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். முத்துக்குளிப்புத் தொழிலாளியின் கடன்கணக்கில் விதிமுறை, சுங்கத்துக்கு ஆங்கிலேய அதிகாரி, 1926-லிருந்து 1957 வரைக்கும் பெல்கிரேவ் என்ற ஆலோசகர். பாதி நேரடி ஆட்சி. 1965-ல் ஷார்ஜாவின் ஷேக் சக்ர், 1966-ல் அபுதாபியின் ஷேக் ஷக்பூத் இருவரையும் இறக்கியதிலும் பிரிட்டிஷார் கை இருந்தது. இவ்வளவு கிள்ளியும் அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் ஆளுகின்றன. தெற்கு அரேபிய சுல்தான்கள் 1967 ஆகஸ்ட், செப்டம்பரில் ஒவ்வொருவராக ஆட்சியிழந்து காணாமல் போனார்கள். தலையீடுதான் காரணம் என்றால் பஹ்ரைன் முதலில் போயிருக்கணுமே தூரதேசி அண்ணே?

கப்பல்காரன்:
ஹெயின்ஸ் கதையை யாரும் சொல்லவில்லையே. ஏடனைப் பிடித்துக் கொடுத்த மனுஷனைக் கணக்கில் பணம் உதைக்கிறது என்று பம்பாய் கடன்காரர் சிறையில் ஆறு வருஷம் போட்டார்கள். 1860-ல் வெளியே வந்த சில நாளில் செத்தார். கம்பெனிக்கு நேரடியாக ஆளத் தெரிந்தது கணக்குப் புத்தகத்தை மட்டும்தான் 😀 சரி, தொடருங்கள்.

தூரதேசி:
மணல்மேடு, நல்ல கேள்வி. எண்ணெய் என்று எல்லாரும் சொல்வார்கள், அபுதாபி ஏற்றுமதி தொடங்கியதே 1962-ல்தான். நான் வேறு இரண்டைச் சொல்வேன்.

வளைகுடாவில் ஒரு குடும்பத்தில் ஒருவரை இறக்கினால் அதே குடும்பத்தில் இன்னொருவர், பெரும்பாலும் குடும்பத்தார் சம்மதத்தோடு. ஷக்பூத் போனார், தம்பி ஸாயித் வந்தார். தெற்கில் என்ன செய்தார்கள்? லஹெஜ் சுல்தான் அலி அப்துல் கரீம்தான் மக்களிடம் செல்வாக்குள்ள ஒரே ஆள். படித்தவர், எகிப்தின் நாசருக்குக் கை காட்டுவார். அவரை 1958-ல் பதவி நீக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் மிச்சமிருந்த சொல்பேச்சு கேட்கும் ஆறு பேரை வைத்துக் கூட்டாட்சி தொடங்கினார்கள்.

இரண்டாவது, 1966 பிப்ரவரி பாதுகாப்பு வெள்ளையறிக்கை. சுதந்திரத்துக்குப் பிறகும் பாதுகாப்பு உண்டு என்று நம்பித்தான் சுல்தான்கள் கூட்டாட்சியில் மாட்டிக்கொண்டார்கள். லண்டன் அந்த ஒப்பந்தமே கிடையாது என்று அறிவித்தது. கெய்ரோ வானொலிக்கு அதைவிடப் பெரிய பரிசு வேண்டுமா? வளைகுடாவில் 1968 ஜனவரியில் சொல்லி 1971 டிசம்பரில் போனார்கள், ஏடன் மாதிரி ஷேக்குகளின் நாட்டுக்குள்ளேயே யாரும் துப்பாக்கியோடு காத்திருக்கவில்லை.

செங்கடல்:
வெள்ளையறிக்கையில் ஒத்துக்கொள்கிறேன், அது துரோகம். ஆனால் காத்திருந்த துப்பாக்கி எங்கிருந்து வந்தது? ஏடனுக்கு வடக்கே ரத்ஃபான் மலையில் 1963 அக்டோபர் 14-ல் பிரிட்டிஷாருக்கு எதிராகத் தொடங்கிய சண்டைக்கு ஆள் கிடைத்தது ஏன்? தாலா சாலையில் போகிற வண்டிக்குச் சுங்கம் வாங்கிப் பிழைத்த கோத்திரங்கள் அவை. கூட்டாட்சி வந்ததும் அந்த வருமானம் தாலா அமீருக்கும் அரசுக்கும் போனது. பதிலுக்கு வேலையோ பள்ளியோ எதுவும் தரவில்லை. இதைத்தான் மறைமுக ஆட்சி என்கிறேன்: எடுக்கும்போது அரசு, கொடுக்கும்போது கோத்திரம்.

தூரதேசி:
அப்படியானால் நீங்கள் புகழும் நேரடி ஆட்சிப் பகுதியிலேயே ஏன் தோற்றார்கள்? ஏடன் நகரில் கூலி வேலை செய்த வடக்கு ஏமன்காரர்களுக்கு வாக்குரிமை இல்லை. 1959 தேர்தலைத் தொழிற்சங்கம் புறக்கணித்தது. கூட்டாட்சியில் சேரும் தீர்மானத்தைச் சட்டசபை 1962 செப்டம்பர் 24-ல் அவசர அவசரமாக நிறைவேற்றியது. 26-ல் வடக்கு ஏமன் தலைநகர் சனாவில் புரட்சி, இமாம் ஆட்சி கவிழ்ந்தது. மூன்று நாள் தள்ளி வாக்கெடுத்திருந்தால் அந்தத் தீர்மானம் தேறியிருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

செங்கடல்:
தேறியிருக்காது. அதற்கும் மேலாக, ஏடன் மக்களையே முழுசாக வாக்களிக்க விட்டிருந்தால் 24-ஆம் தேதியே தேறியிருக்காது. நேரடி ஆட்சி என்று நான் கேட்டது அந்த வாக்கையும் சேர்த்துத்தான், குறுகிய வாக்குரிமையும் கவர்னரின் நியமன ஆட்களும் கொண்ட சபையை இல்லை.

மணல்மேடு:
வாக்கு கொடுத்தால் அது காலனியே இல்லையே ஐயா, 1963-லேயே கிளம்ப வேண்டியதுதான்.

செங்கடல்:
கிளம்பியிருக்கலாம்.