சேமித்த இணையப் பக்கம் திறந்ததும் வெறுமையாகிவிடுகிறது: உதவி தேவை

நிலாமுற்றம்: அவசரம். ஒரு நீண்ட கட்டுரையை அப்படியே கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும்; தளத்தை மூடப்போகிறார்கள். கண்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமித்தேன். திறந்தால் எழுத்துகள் ஒரு நொடி தெரிந்து மறைந்துவிடுகின்றன. பாதிப் படங்கள் சாம்பல் கட்டங்களாக நிற்கின்றன. என்ன செய்வது?

வடகாற்று: எந்த உலாவி? எந்த வகையில் சேமித்தீர்கள்? குரோம் என்றால் 'ஒற்றைக் கோப்பு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிக் கிடைக்கும் எம்எச்டிஎம்எல் கோப்பில் ஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தை இயக்கும் நிரல், ஓடாது.

தூரிகை: பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எந்தக் கணினியிலும் திறக்கும். எனக்கு வேறு எதிலும் நம்பிக்கை இல்லை.

வடகாற்று: பிடிஎஃப் பக்கத்தைத் தாள் தாளாக வெட்டிவிடும். அவர் கேட்பது 'அப்படியே'.

ஏடு: இதற்கு இங்கே பலமுறை விடை எழுதியாயிற்று. முதலில் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வழக்கமான முறையில் சேமித்த கோப்பிலும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற அந்த நிரல் ஓடும். சர்வரைத் தேடும், கிடைக்காவிட்டால் பக்கத்தையே துடைத்துவிடும். படங்களோ, திரைக்கு அருகே வந்தால்தான் இறங்கும். எனவே கடைசிவரை நிதானமாக உருட்டுங்கள். பிறகு உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிங்கிள்ஃபைல் நீட்சியால் சேமியுங்கள். அது ஸ்கிரிப்டை நீக்கி, படங்களை பேஸ்64 என்ற குறியீட்டு முறையில் எழுத்துகளாக்கி ஒரே கோப்பில் அடைத்துவிடும்.

வரப்பு: ஸ்கிரிப்டை நீக்கியபின் அது எப்படி அச்சு அசல் ஆகும்? சர்வர் அனுப்பியதை அனுப்பியபடியே பதிவதுதான் நகல். அதற்கு வார்க் என்ற இணையக் காப்பகக் கோப்பு வகை இருக்கிறது. 2009-இலேயே ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாகிவிட்டது.

ஏடு: வார்க்கைத் திறக்கத் தனி மென்பொருள் வேண்டும். படிக்கிறவருக்குத் தேவை, திரையில் கண்ட பக்கம்.

வரப்பு: நாளை சான்றாகக் காட்ட வேண்டி வந்தால்? நீட்சி தரும் எச்டிஎம்எல் கோப்பை எவரும் திருத்தலாம். இணையப் பக்கங்களைக் காப்பகப்படுத்தும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு நகல் இருந்தால், நாளும் நேரமும் பிறர் கையில் பதிவாகியிருக்கும்.

தூரிகை: பிடிஎஃப்-இல் கையொப்பமே இடலாம்.

ஏடு: கையொப்பம் இட்டது யார், அதன்பின் கோப்பு மாறியதா என்றுதான் அது சொல்லும். பக்கம் அசலா என்று சொல்லாது.

வடகாற்று: நிலாமுற்றம், உள்நுழைந்து பார்க்கும் பக்கமா? அப்படியானால் வேபேக் மெஷினுக்கு அது எட்டாது. உலாவி எது என்றும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

நிலாமுற்றம்: ஃபயர்பாக்ஸ். ஆம், உள்நுழைய வேண்டும். உருட்டிவிட்டு நீட்சியில் சேமித்தேன். இணையத்தைத் துண்டித்துத் திறந்தாலும் எழுத்தும் படமும் நிற்கின்றன. நன்றி. மற்றவற்றையும் எடுக்கப் போகிறேன்.

வரப்பு: 'மேலும் காட்டு' என்று மடித்து வைத்திருக்கும் பகுதிகளை விரித்துவிட்டு எடுங்கள். இறங்காதது கோப்பில் இருக்காது.