மிச்சிகனா ஒஹாயோ ஸ்டேட்டா? இந்த சீசன்ல யாரோட டிஃபென்ஸிவ் லைன் கெத்து?

டொலிடோ_தம்பி (ஆகஸ்ட் 2024)

எல்லாருக்கும் வணக்கம். நான் டொலிடோவுக்கு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஊர் என்னமோ ஒஹாயோல தான் இருக்கு, ஆனா வடக்க கொஞ்ச தூரம் கார ஓட்டுனா மிச்சிகன் வந்துடும், அதனால ஆபீஸ்ல பாதிப்பேரு அந்தப் பக்கம் பாதிப்பேரு இந்தப் பக்கம். 1835ல இந்த ஊருக்காகவே ரெண்டு மாநிலமும் ஆள் தெரட்டிட்டு நின்னாங்களாம், இப்ப அந்த சண்டை எங்க லஞ்ச் ரூம்ல நடக்குது.

மேட்டர் இதான், அமெரிக்கன் ஃபுட்பால். மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் ரெண்டும் யூனிவர்சிட்டி டீம், பேச்சு அவங்க டிஃபென்ஸிவ் லைன பத்தி, அதாவது எதிர் டீம் பால் வச்சிருக்கும்போது முன்வரிசைல நின்னு தடுக்கறவங்க. பக்கத்து சீட்டு ஆளு ஒஹாயோ ஸ்டேட் வெறியன், போன வருஷ சாக் கணக்க வச்சுட்டு பேசறான் (பால வீசற க்யூபிய, அதான் குவாட்டர்பேக்க, வீசறதுக்குள்ள சாய்க்கறது தான் சாக்). ஜாக் சாயர் 6.5, ஜேடி டுயிமொலோவ் 5, ஆனா மிச்சிகன்ல எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடற மேசன் கிரகாம் வெறும் 3, கென்னத் கிராண்ட் 3.5. அப்ப எங்க லைன் தானே பெருசுன்னு கேக்கறான், எனக்கு பதில் சொல்லத் தெரியல. மிச்சிகன் ஆளுங்க என்னடான்னா கிரகாம் தான் நாட்டுலயே பெஸ்டுங்கறாங்க. மூணே மூணு தடவ க்யூபிய சாச்சவன் எப்படிங்க பெஸ்டு? டிவில பாத்தா கேமரா பால் பின்னாடியே போயிடுது, நடுவுல நாலஞ்சு பேரு கெடா மாதிரி முட்டிக்கறாங்க, அதுக்குள்ள விசில் ஊதிடறான். எத பாக்கணும்னே புரியல, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஆன்ஆர்பர்_அக்கா

தம்பி, நல்ல கேள்வி. நானும் மொதல்ல உன்ன மாதிரிதான் பால் பின்னாடியே ஓடிட்டிருந்தேன், ஸ்டேடியத்துல மேல் வரிசைல உக்காந்து பாக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் நடுவுல என்ன நடக்குதுன்னே தெரிஞ்சுது.

மொதல்ல, சாக்ங்கறதே லைனோட ஓரத்துல நிக்கறவன் சரக்கு. சாயரும் ஜேடியும் எண்ட், அவங்களுக்கு பெரும்பாலும் எதிர்ல ஒரே ஆளு, அவன சுத்திட்டு ஓடி க்யூபிய புடிக்கறதுதான் வேலையே. கிரகாமும் கிராண்டும் நடுவுல நிக்கறவங்க, அவங்க மேல ரெண்டு ரெண்டு பேரு வந்து விழுவாங்க. அந்த ரெண்டு பேர அவன் அங்கயே நிறுத்திட்டான்னா பின்னாடி நிக்கற லைன்பேக்கர் மேல யாரும் போக முடியாது, அவன் ஜாலியா வந்து பால் வச்சிருக்கறவன அமுக்குவான், பேப்பர்ல அவன் பேரு தான் வரும், கிரகாம் பேரு வராது. இதுக்கு கணக்கு எங்க இருக்கு?

ஒண்ணு பண்ணு. அடுத்த மேட்ச்ல பால விட்டுடு, 55ம் நம்பர மட்டும் பாரு. பால் நகந்த உடனே அவன் இடுப்பு எதிராளி இடுப்புக்கு கீழ போயிருக்கும், ஸ்கூல்ல மல்யுத்தம் பண்ண பையன் அவன், அந்தப் பழக்கம் அப்படியே தெரியும். கை மொதல்ல எதிராளி நெஞ்சுல போய் ஒக்காரும், அப்புறம் தான் பால் எந்தப் பக்கம் போகுதுன்னே பாப்பான். ரோஸ் பவுல்னு சீசன் கடைசில நடந்த பெரிய மேட்ச்ல அலபாமாவ எதுத்து டிஃபென்ஸ் சைடு பெஸ்ட் ப்ளேயர் அவார்டு அவனுக்குத்தான் குடுத்தாங்க.

கிராண்ட பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். போன வருஷம் பென் ஸ்டேட் மேட்ச், கேட்ரன் ஆலன் பால தூக்கிட்டு நடுவுல கிழிச்சுட்டு ஓடறான், அவன் ரன்னிங் பேக், ஓடறது தான் அவன் பொழப்பு. பின்னாடியே இந்த 339 பவுண்டு மனுஷன், கிட்டத்தட்ட 154 கிலோ, தொரத்திட்டுப் போய் புடிச்சு கீழ போட்டான். எங்க வீட்டுல சோஃபால இருந்து எந்திரிச்சு கத்துனதுல தூங்கிட்டிருந்த கொழந்த அழுதுடுச்சு.

கொலம்பஸ்_வாசி

அக்கா சொன்னதெல்லாம் சரி, கிரகாம் கிராண்ட் ரெண்டு பேரையும் நான் கொறை சொல்லல, நடுவுல அந்த ஜோடி மாதிரி இந்த வருஷம் எவன்கிட்டயும் இல்ல. ஆனா தம்பி கேட்டது லைன், ரெண்டு ஆள் இல்ல.

எங்க ஒஹாயோ ஸ்டேட் லைன்ல நாலு பேரும் சீனியர், சாயர், ஜேடி, டைலீக் வில்லியம்ஸ், டை ஹாமில்டன். சாயரும் ஜேடியும் காசுக்கு ஆடற என்எஃப்எல் லீக்குக்கு போயிருக்கலாம், மிச்சிகன ஒரு தடவையாவது ஜெயிக்காம போறதில்லன்னு திரும்பி வந்துட்டாங்க, 2021, 2022, 2023னு தொடர்ந்து மூணு வருஷம் வாங்கிருக்கோம்ல, அந்த எரிச்சல் உள்ள இருக்கும். உங்க பக்கம் கிரிஸ் ஜென்கின்ஸ் என்எஃப்எல்ல பெங்கால்ஸ் டீமுக்கு போயாச்சு, ஹாரெல் போயாச்சு, மெக்ரெகர் போயாச்சு, ரேஷான் பென்னி ரோஸ் பவுல்ல அடிபட்டவன் இப்ப தான் திரும்பறான். கிரகாமோ கிராண்டோ மூச்சு வாங்க வெளிய போனா உள்ள யாரு வருவா? லைன்ல ஆழம் முக்கியம் அக்கா, நாலாவது குவாட்டர்ல 150 கிலோ ஒடம்ப தூக்கிட்டு முட்டறது சும்மா இல்ல.

ஜேடி பத்தி தெரியாதவங்க 2022 பென் ஸ்டேட் மேட்ச் தேடிப் பாருங்க, ரெண்டு இன்டர்செப்ஷன் (எதிராளி வீசுன பால நடுவுல புடிக்கறது), அதுல ஒண்ண அவனே தூக்கிட்டு ஓடி டச்டவுன், ரெண்டு சாக், ஒருத்தன் கைல இருந்து பால தட்டியும் விட்டான். ஒரு டிஃபென்ஸிவ் எண்ட் ஒரே மத்தியானத்துல இவ்வளவும். சாயர அந்த வருஷம் ஜாக்குன்னு ஒரு கலப்பட பொசிஷன்ல நிக்க வச்சு வீணடிச்சாங்க, 2023ல கைய தரைல ஊனி ஒழுங்கா எண்ட்ல நிக்க விட்ட அப்புறம் தான் பையன் ஃபார்முக்கு வந்தான். கோச் லேரி ஜான்சன் 2014ல இருந்து இங்க இருக்காரு, எத்தன பேர என்எஃப்எல்லுக்கு அனுப்பிருக்காருன்னு தனியா சொல்லணுமா.

இன்னொண்ணு, போன நவம்பர்ல 30-24ன்னு நாங்க தோத்தோமே, கடைசில எங்க க்யூபி மெக்கார்ட் வீசுன பால உங்க ராட் மூர் புடிச்சான்ல, அந்த வீச்சுல கைல அடி போட்டது யாரு? ஹாரெல். ஓரத்துல இருந்து வந்தவன். நடு நடுன்னு சொல்றீங்க, மேட்ச முடிச்சது ஓரம் தான்.

ஆன்ஆர்பர்_அக்கா

ஹாஹா அது சரியான குத்து, ஒத்துக்கறேன். ஆனா எங்க ஓரத்த காலின்னு நெனச்சுக்காதீங்க, ஜொசாயா ஸ்டூவர்ட் 5.5 சாக், டெரிக் மூர் 5, ரெண்டு பேரும் இருக்காங்க. ரோஸ் பவுல் கடைசி பால், நாலாவது டவுன், அதாவது கடைசி சான்ஸ், இன்னும் 3 யார்டு வேணும், அலபாமா க்யூபி மில்ரோ நடுவுல நொழையப் பாத்தான். ஸ்டூவர்ட் தனக்கு எதிர்ல தடுக்க நின்ன அலபாமாவோட லேட்டம்ங்கறவன அப்படியே பின்னால தள்ளிட்டு வந்தான், அந்த லேட்டம் என்எஃப்எல் டீமுங்க ஆள் எடுக்கற டிராஃப்ட்ல ஏழாவதா போனவன், ஸ்டூவர்ட் அவன விட எவ்வளவோ சின்ன ஒடம்பு. டெரிக் மூர் மில்ரோவ அமுக்குனான், முடிஞ்சுது கதை.

நீங்க சொன்ன ஆழம் தான் எனக்கும் பயம். அதோட புது டிஃபென்ஸ் கோச் விங்க் மார்ட்டின்டேல் எதுக்கெடுத்தாலும் ப்ளிட்ஸ் அனுப்பற ஆளு, அதாவது லைனோட சேத்து கூடுதல் ஆளயும் க்யூபி மேல ஓட விடறது, நடுவுல ரெண்டு மலை இருக்கும்போது எதுக்கு அவ்வளவு பேர அனுப்பணும்னு எனக்குப் புரியல.

ஓரக்கவர்_மணி

நான் ஊர்ல கபடி ஆடுனவன், கவர்ல நிப்பேன். கார்னர்ல நிக்கறவன் ரைடர் கால புடிச்சா கைதட்டு அவனுக்கு. ரைடர் உள்ள வராம வழிய அடைச்சு அவன கார்னர் பக்கம் ஒதுக்கி விடறது கவர், அவனுக்கு ஸ்கோர் ஷீட்ல ஒண்ணும் இல்ல. பதினஞ்சு வருஷம் ஆடி எனக்கு ஒரு கப்பு கூட தரல, அதனால கிரகாம் மேல எனக்குப் பாசம் ஜாஸ்தி, ஓரவஞ்சனைன்னு வச்சுக்கோங்க.

ஆனா ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க. லைனுக்கு லைன் மோதப்போறதே இல்ல. மிச்சிகன் டி-லைன் (டிஃபென்ஸிவ் லைன்) மோதறது ஒஹாயோ ஸ்டேட் ஓ-லைனோட (தன் க்யூபிக்கு முன்னால நின்னு காக்கற வரிசை), இவங்க மோதறது மிச்சிகன் ஓ-லைனோட. போன வருஷம் டிஃபென்ஸ்ல ரெண்டு டீமும் மச்சான் மாப்ள மாதிரி தான், மிச்சிகன் மேட்சுக்கு 10.4 பாயிண்ட் குடுத்துச்சு, ஒஹாயோ ஸ்டேட் 11.2. இப்ப மிச்சிகனுக்கு க்யூபி மெக்கார்த்தி இல்ல, ரன்னிங் பேக் கோரம் இல்ல, ஓ-லைன்ல ஸிண்டர், கீகன்னு ஆரம்பிச்சு அஞ்சு பேருமே புதுசு. அந்தப் புது ஆளுங்க மேல சாயரும் ஜேடியும் விழுந்தா சாக் கணக்கு எகிறும், உங்க பக்கத்து சீட்டுக்காரன் இன்னும் ஆடுவான்.

அந்தப் பக்கம் ஒஹாயோ ஸ்டேட் ஓலே மிஸ் டீம்ல இருந்து ரன்னிங் பேக் ஜட்கின்ஸ கூட்டிட்டு வந்துருக்கு, இன்னொரு ரன்னிங் பேக் ஹெண்டர்சனும் இருக்கான், ஓ-லைன் நடுவுல நிக்கற சென்டர் மெக்லாஃப்லின் அலபாமால இருந்து வந்தவன், அதே ரோஸ் பவுல்ல கிரகாம் கிட்ட அடி வாங்குனவன் தான். நவம்பர் 30, கொலம்பஸ், குளிரு. நடுவுல ஓடி மூணு யார்டு எடுக்க முடியலன்னா அவங்க க்யூபி ஹோவர்ட் வீசியே ஆகணும். என் கணக்குல சீசன் முழுக்க பாத்தா ஒஹாயோ ஸ்டேட் லைன் பெருசு, அந்த ஒரு மேட்சுக்கு மட்டும்னா மிச்சிகன் நடு.

டொலிடோ_தம்பி

அண்ணே இத பிரிண்ட் எடுத்து லஞ்ச் ரூம்ல ஒட்டலாம் போல. இப்பதான் ரோஸ் பவுல் ரீப்ளேல 55ம் நம்பர மட்டும் பாத்தேன், ஒரு பால்ல ரெண்டு பேரு அவன கட்டிப் புடிச்சுட்டு நிக்கறாங்க, அவன் ஒரு இன்ச்சு நகரல, பால் எங்க போச்சுன்னே நான் பாக்கல. மேட்ச் முடியறதுக்குள்ள கழுத்து வலி வந்துருச்சு.

பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட ஒரு பிரியாணி பந்தயம் வச்சாச்சு, நவம்பர் 30 அன்னிக்கு ஒஹாயோ ஸ்டேட் நடுவுல ஓடி நூறு யார்டு தாண்டுமா தாண்டாதா. தாண்டாதுன்னு சொல்லிட்டேன். அக்கா, அவசரப்பட்டுட்டேனா?

ஆன்ஆர்பர்_அக்கா

கிராண்டும் கிரகாமும் அது வரைக்கும் முட்டி முழங்கால் நல்லா இருந்தா பிரியாணி உனக்குத்தான். எதுக்கும் செப்டம்பர் 7 டெக்சாஸ் மேட்ச பாத்துட்டு ரைத்தாவ சேத்து பந்தயம் கட்டு.

கொலம்பஸ்_வாசி

தம்பி, மட்டனா சிக்கனா? உன் ஆபீஸ்காரன் பக்கம் நானும் பாதி காசு போடறேன்.